ஒன்டாரியோ காலேஜ் தரும் ‘பி.ஜி.’ நம் ஊர் பி.ஜி. அல்ல

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறாள். கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் அரசு காலேஜில் இரண்டு செமஸ்டர் ‘போஸ்ட் கிராஜுவேட்’ படிப்புக்கு இடம் வந்திருக்கிறது. “எம்.எஸ்சி.க்குச் சமம், ஒரே வருஷத்தில் பி.ஜி. முடிந்துவிடும்” என்கிறார் கன்சல்டன்சிக்காரர். டெபாசிட் கட்டலாமா? - நாமக்கல் வாசகர்

பதில்: அது எம்.எஸ்சி. அல்ல, எம்.எஸ்சி.க்குச் சமமும் அல்ல. அதற்காக காலேஜ் அனுப்பிய சேர்க்கைக் கடிதம் பொய் என்று நினைக்க வேண்டாம். அதிலுள்ள ஆங்கிலச் சொற்களுக்கு நாமக்கல்லில் ஒரு பொருள், டொரன்டோவில் வேறு பொருள். இந்த இடைவெளியில்தான் கன்சல்டன்சிகள் பிழைக்கின்றன.

கடிதத்தில், படிப்பின் பெயருக்குப் பக்கத்தில், என்ன சான்று தருவார்கள் என்ற வரியைப் பாருங்கள். பெரும்பாலும் ‘ஒன்டாரியோ காலேஜ் கிராஜுவேட் சர்டிபிகேட்’ என்று இருக்கும். ‘காலேஜ்’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டம் வாங்கித் தரும் கல்லூரி. ஒன்டாரியோவில் காலேஜ் வேறு, யுனிவர்சிட்டி வேறு. அங்குள்ள 24 அரசு காலேஜ்களும் தொழிற்பயிற்சிக்காக உருவானவை; நம் பாலிடெக்னிக்கை நினைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறில்லை. இரண்டு செமஸ்டருக்கு சர்டிபிகேட், நான்குக்கு டிப்ளமோ, ஆறுக்கு அட்வான்ஸ்டு டிப்ளமோ என்பது அவற்றின் வழக்கம். அடுத்து ‘கிராஜுவேட்’. ஏற்கெனவே பட்டமோ டிப்ளமோவோ பெற்றவர்களைத்தான் சேர்ப்போம் என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு இங்கே பொருள் கிடையாது. அது வாசலில் கேட்கும் தகுதி. படித்து முடித்து வெளியே வரும்போது கையில் இருப்பது சர்டிபிகேட்.

இங்கிலாந்தில் உறவினர் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். அங்கே ‘போஸ்ட் கிராஜுவேட் சர்டிபிகேட்’ என்பது 60 கிரெடிட். மாஸ்டர்ஸ் 180 கிரெடிட். பல இடங்களில் அந்த மூன்றில் ஒரு பங்கை முடித்துவிட்டு மேலே தொடரலாம். ஒன்டாரியோ சர்டிபிகேட்டைப் பொதுவாக அப்படி மாஸ்டர்ஸின் முதல் படியாக எடுத்துக்கொள்ள முடியாது.

வேறுபாடு பெயரோடு நின்றால் பரவாயில்லை, விசாவிலும் இடிக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து மாஸ்டர்ஸ் பட்டம் ஒரு வருடப் படிப்பாக இருந்தாலும், படித்து முடித்தபின் மூன்று வருட வேலை அனுமதிக்குத் தகுதி உண்டு. சர்டிபிகேட் என்றால் படிப்பு எவ்வளவு காலமோ அனுமதியும் ஏறக்குறைய அவ்வளவே. 2024 நவம்பர் 1 முதல் படிப்பு விசாவுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இன்னொரு நிபந்தனையும் சேர்ந்துவிட்டது: சர்டிபிகேட், டிப்ளமோ படிப்புகள் அரசு வெளியிட்ட துறைப் பட்டியலில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலை அனுமதியே இல்லை. கல்யாணமான பெண் என்றால் கணவருக்கு ஓபன் வொர்க் பெர்மிட் (எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்கும் அனுமதி) கிடைப்பதும் 2025 ஜனவரியிலிருந்து 16 மாதத்துக்குக் குறையாத மாஸ்டர்ஸ், முனைவர் பட்டம், குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள் ஆகியவற்றுக்குத்தான்.

“இரண்டு சர்டிபிகேட் சேர்த்துப் படித்தால் மாஸ்டர்ஸ்” என்பார்கள். வேலை அனுமதிக் கணக்கில் இரண்டின் காலத்தையும் கூட்ட வழி உண்டு. ஆனால் எத்தனை சர்டிபிகேட் சேர்ந்தாலும் பட்டம் ஆகாது.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், அதைக் காட்டித்தான் வாயை அடைப்பார்கள். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, அமைச்சரின் ஒப்புதலோடு ஒன்டாரியோ காலேஜ்களும் சில துறைகளில் இளநிலைப் பட்டம் தரலாம். பெரும்பாலும் ‘ஆனர்ஸ் பேச்சலர்’ என்று அதற்குப் பெயர், நான்கு வருடப் படிப்பு. “பாருங்கள், இதே காலேஜ் டிகிரி தருகிறதே” என்று இணையப் பக்கத்தைத் திறந்து காட்டுவார்கள். தருகிறதுதான், ஆனால் அந்தப் பட்டப் படிப்புக்கு மட்டும். பக்கத்து வகுப்பறையில் டிகிரி கொடுப்பதால் உங்கள் மகளின் சர்டிபிகேட் டிகிரி ஆகிவிடாது. கடிதத்தில் ‘பேச்சலர்’ அல்லது ‘மாஸ்டர்’ என்ற சொல் இருந்தால் பட்டம். உங்கள் மகளுக்கு ஏற்கெனவே பேச்சலர் இருக்கிறது, எனவே இந்த விதிவிலக்கால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை.

அடுத்து வளாகத்தின் முகவரி. அரசு காலேஜின் பெயரில், வேறு ஊரில், தனியார் நிறுவனம் நடத்தும் வளாகங்கள் உண்டு. 2024 மே 15 முதல் அவற்றில் படிப்பைத் தொடங்கியவர்களுக்கு வேலை அனுமதி கிடையாது. கடிதத்தின் தலைப்பில் அரசு காலேஜின் சின்னம் இருப்பது போதாது, வகுப்பு எந்தக் கட்டடத்தில் என்று கேளுங்கள்.

கன்சல்டன்சிக்காரருக்குப் பெரும்பாலும் கமிஷன் தருவது அந்தக் காலேஜ்தான், முதல் வருடக் கட்டணத்தில் ஒரு பங்காக. அவர் யுனிவர்சிட்டி மாஸ்டர்ஸ் பற்றிப் பேச்சே எடுக்காததன் காரணம் அநேகமாக இதுவாக இருக்கும். “நான் கனடா காலேஜில் பதிவு பெற்றவன்” என்று சொன்னால் மயங்க வேண்டாம். கனடாவில் ‘காலேஜ்’ என்பதற்கு மூன்றாவதாகவும் ஒரு பொருள் உண்டு: தொழில்முறையாளர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. குடியேற்ற ஆலோசகர்களுக்கான அமைப்பின் பெயரும் காலேஜ்தான். 2021 நவம்பரில் செயல்படத் தொடங்கியது. அதன் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அவர் பெயரைத் தேடுங்கள்.

கல்வி மாகாண அரசின் கையில், விசா ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசின் கையில். ‘இது மாஸ்டர்ஸ் பட்டம் அல்ல’ என்று ஒரே ஒரு வரியைச் சேர்க்கைக் கடிதத்தில் அச்சிட இருவரில் ஒருவராவது கட்டாயப்படுத்தியிருக்கலாம். அதைச் செய்யாமல் வருடத்துக்கு வருடம் விதியை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே வீட்டை அடமானம் வைக்கிறார்கள்.

உங்கள் மகள் எழுதும் நோக்க அறிக்கையிலும் இதே சிக்கல் உண்டு. ‘அரியர்’ என்று எழுதினால் அங்கே கட்டாமல் விட்ட பணம் என்று படிப்பார்கள். எந்தத் தாளில் தவறினாள், எந்த மாதம் மறுபடி எழுதித் தேறினாள் என்று விரித்து எழுதச் சொல்லுங்கள். ‘2024-இல் பாஸ் அவுட்’ என்றால் மயங்கி விழுந்ததாக ஆகும். மாலையில் டியூஷன் எடுத்தாள் என்றால், பாடம் சொல்லிக் கொடுத்தாள் என்றே இருக்கட்டும். அங்கே டியூஷன் என்பது படிப்புக் கட்டணம்.

இப்போது செய்ய வேண்டியது: காலேஜின் சர்வதேச மாணவர் பிரிவுக்கு மகளே மின்னஞ்சல் அனுப்பட்டும். முகவரியை காலேஜின் தளத்திலிருந்து எடுங்கள், கன்சல்டன்சி தருவதை வேண்டாம். முடிவில் தரும் சான்றின் முழுப் பெயர், படிப்புத் துறையின் ஆறு இலக்க சிஐபி குறியீடு, வகுப்பு நடக்கும் வளாகத்தின் முகவரி, விசா மறுக்கப்பட்டால் டெபாசிட்டில் எவ்வளவு பிடிப்பார்கள் - இந்த நான்கையும் கேளுங்கள். குறியீட்டைக் கனடா குடியேற்றத் துறையின் தளத்திலுள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை டெபாசிட் கட்டாதீர்கள்.