செல்ஃப் எடுக்குது, வண்டி ஸ்டார்ட் ஆகலை!

கேள்வி: குளிர்காலம் முழுக்க, கிட்டத்தட்ட 4 மாதம், என் பெட்ரோல் காரை ஷெட்டில் மூடி வைத்திருந்தேன். நிறுத்தும்போது நன்றாக ஓடிய வண்டி. போன வாரம் சாவியைத் திருப்பியபோது எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றியது. விடாமல் முயன்றதில் கடைசியில் வெறும் ‘டக் டக் டக்’ சத்தம்தான் மிச்சம். பேட்டரியைக் கழற்றி ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டேன். இப்போது செல்ஃப் ஜோராக எடுக்கிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் போய் நின்றால் பெட்ரோல் வாசனை அடிக்கிறது. ஃபியூயல் பம்ப் போயிருக்கும், மாற்றிவிடு என்கிறார் மச்சான். மாற்றிவிடட்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பெட்ரோல் வாசனை, அதுவே மச்சானுக்குப் பாதிப் பதில். பம்ப் செத்துப்போயிருந்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது. போகாத பெட்ரோல் சைலன்சர் வழியாக வாசனை அடிக்காது. ஆனால் வாசனை சைலன்சர் வாயிலிருந்துதான் வருகிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். டார்ச்சோடு குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். எலி பெட்ரோல் ஹோஸையும் கடிக்கும். தரையில் ஈரமோ சொட்டோ இருந்தால் சாவியைத் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கீழே காய்ந்திருந்தால், என் கணிப்பு இது: எஞ்சின் பெட்ரோலில் குளித்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணம், மன்னிக்கவும், அந்த ‘விடாமல் முயன்றது’தான். குளிர்ந்த எஞ்சின் சுற்ற ஆரம்பித்ததும் வண்டியின் கம்ப்யூட்டர் வழக்கத்தைவிடத் தாராளமாகப் பெட்ரோலைத் தெளிக்கும். பேட்டரியிலோ தெம்பில்லை, எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கின் பொறியும் பலவீனம். பற்ற வேண்டிய பெட்ரோல் பற்றாமல் பிளக்கை நனைக்கிறது. நனைந்த பிளக்கில் பொறி வராது. அப்புறம் பேட்டரியை எவ்வளவு சார்ஜ் போட்டாலும் செல்ஃப் மட்டும்தான் ஜோராக எடுக்கும்.

இதற்குச் செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தபடியே செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், பெடல் முழுக்க அழுந்தியிருந்தால் செல்ஃப் எடுக்கும்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். காற்று மட்டும் உள்ளே போய் ஈரத்தை வெளியே தள்ளும். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம். நடுவில் 2 நிமிடமாவது ஸ்டார்ட்டர் ஆறட்டும். எஞ்சின் இருமி, தடுமாறிப் பிடித்ததும் காலை மெல்ல எடுங்கள். கொஞ்ச நேரம் புகையும், நடுக்கமும் இருக்கும், பயப்படாதீர்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் இந்த முறை மாறலாம், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து தடவையில் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்க்கொண்டே இருந்தால், வண்டி கடைசியில் ஸ்டார்ட் ஆகும்போது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிப் பாழாகும். அந்தப் பாகத்தின் விலைக்கு முன்னால் பம்ப் ஒன்றுமே இல்லை. அடுத்த வேலை பிளக்கைக் கழற்றுவது. பக்கத்தில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. முனை ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் கணிப்பு சரி. துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

பிளக் காய்ந்துதான் இருக்கிறது என்றால் கதையே வேறு. அப்போது மச்சான் பக்கம் திரும்பலாம். சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பி, பின் சீட் பக்கம் காதைக் கொடுங்கள். ‘ம்ம்ம்’ என்று ஓரிரு விநாடி முனகல் கேட்டால் பம்ப் உயிரோடு இருக்கிறது. கேட்காவிட்டால்கூட முதலில் ஃபியூஸ், பம்புக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் ரிலே, பிறகுதான் பம்ப். டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு சிமிட்டுகிறதா என்றும் பாருங்கள். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணாவிட்டாலும் செல்ஃப் எடுத்து, ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் வண்டிகள் உண்டு.

ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்துவிடுங்கள். நான் ஒருமுறை திறந்தபோது பானட்டின் அடியில் ஒட்டியிருந்த பஞ்சு முழுக்க உதிர்த்து உருட்டப்பட்டு, உள்ளே எலிக் கூடாகப் பந்துபோல உட்கார்ந்திருந்தது. கை வைத்துப் பார்த்தால் இன்னும் வெதுவெதுப்பு! பக்கத்தில் சென்சர் ஒயர் இரண்டு, செம்பு தெரிகிற அளவுக்குச் சுரண்டப்பட்டிருந்தன. அந்த வண்டிக்கும் யாரோ பம்ப் மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

பெட்ரோல் கெட்டிருக்குமோ என்ற சந்தேகம் வரும். மூடிய டேங்கில், குளிரில், 4 மாதத்தில் ஸ்டார்ட்டே ஆகாத அளவுக்குக் கெடுவது அபூர்வம். நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன். அந்த ‘டக் டக்’, ஸ்டார்ட்டரின் சோலனாய்டு, அதாவது மின்காந்த சுவிட்ச், இழுத்து, வோல்டேஜ் விழுந்து, விட்டுவிட்டு, மறுபடி இழுக்கும் சத்தம். நிறுத்தி வைத்த வண்டியும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் என்று 30 மில்லி ஆம்பியர் போலக் குடித்துக்கொண்டே இருக்கும். கணக்குப் போடுங்கள்: ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் ஹவர், 120 நாளில் 86. சின்ன காரின் பேட்டரியோ 45 முதல் 60 வரைதான். காலியாகாமல் என்ன செய்யும்? காலியாகவே கிடந்த பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டிப்பட்டுவிடும், அதனால் அது தேறியதா என்று பார்க்க வேண்டும். சார்ஜரைக் கழற்றி ஒரு ராத்திரி தனியாக விட்டு, காலையில் மல்டிமீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் நல்லது. 12.2-க்கு இறங்கியிருந்தால் புதுசு வாங்கும் நேரம் வந்துவிட்டது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தாலும் அதே தீர்ப்புதான், டெர்மினலில் வெள்ளையோ பச்சையோ பூத்திருக்கவில்லை என்றால். பூத்திருந்தால் சுரண்டி, இறுக்கி, மறுபடி பாருங்கள்.

அடுத்த குளிருக்கு நிறுத்தும்போது மைனஸ் கேபிளைக் கழற்றிவிடுங்கள், அல்லது விட்டுவிட்டு சார்ஜ் ஏற்றும் மெயின்டைனரை மாட்டிவையுங்கள். வாரம் ஒருமுறை 5 நிமிடம் ஓடவிடும் பழக்கம் மட்டும் வேண்டாம். செல்ஃபுக்குச் செலவானதே அதில் சரியாகத் திரும்ப ஏறாது, எஞ்சினுக்குள்ளும் சைலன்சரிலும் ஈரம்தான் சேரும்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் சந்தோஷத்தில் கிளம்பிவிடாமல், ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால், அல்லது ஆயில் அளவு கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால், ஆயிலை மாற்றிவிட்டே ரோட்டுக்கு எடுங்கள்.