ரயிலில் லிப்ஸ்டிக் போடலாம், ஸ்ப்ரே அடிக்கக் கூடாது

கேள்வி: தினமும் விடிவதற்கு முன்பே கிளம்பி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் வேலைக்குப் போகிறேன். குழந்தையைத் தயார் செய்துவிட்டு ஓடுவதால் என் ஒப்பனையை ரயிலில்தான் முடிக்கிறேன். பவுடர், ஐலைனர், லிப்ஸ்டிக், கடைசியில் கொஞ்சம் பாடி ஸ்ப்ரே. போன வாரம் பக்கத்து இருக்கைக்காரர், "இது என்ன உங்க வீட்டு பாத்ரூமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்று முதல் பையைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. இதற்கு அபராதம்கூட உண்டு என்கிறார் உடன் வேலை செய்பவர். பொது இட நாகரிகம் சொல்லித்தரும் ஆன்லைன் வகுப்பு ஒன்றின் விளம்பரம் பார்த்தேன், சேரலாமா? இன்னொன்று, மாதம் ஒருமுறை இரவு ரயிலில் போய் இறங்கி நேராக மீட்டிங்கில் உட்கார வேண்டியிருக்கிறது. அப்போது என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் கூச்சத்துக்குப் பதில். லிப்ஸ்டிக் போட்டது தப்பில்லை. பவுடரும், பறக்காத காம்பேக்ட் வகை என்றால், தப்பில்லை. ஐலைனர் அடுத்தவருக்குத் தொல்லை இல்லை, ஆனால் உங்களுக்கு ஆபத்து. தப்பு அந்த பாடி ஸ்ப்ரேதான். அவர் கேட்ட விதம் சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் வாயைத் திறந்தது நீங்கள் லிப்ஸ்டிக் எடுத்தபோதா, ஸ்ப்ரே அடித்த பிறகா என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ரயில், பேருந்து ஊழியர்களுக்குப் பயணிகளின் புகார்களைக் கையாளப் பயிற்சி கொடுப்பது என் தொழில். "பக்கத்தில் மேக்கப் போடுகிறார்கள்" என்று வரும் புகாரைக் கிளறிப் பார்த்தால், அடியில் கிடப்பது பெரும்பாலும் வேறொன்றாக இருக்கும்: மூக்கில் ஏறிய வாசனை, சட்டையில் விழுந்த தூள், விலாவில் இடித்த முழங்கை, மடியில் வந்து விழுந்த முடி. அதனால் ஊழியர்களுக்கு நான் கொடுக்கும் சோதனை ஒன்றே ஒன்று. அந்தப் பயணியின் இருக்கையைத் தாண்டி ஏதாவது போகிறதா? போகவில்லை என்றால் புகாரைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு நகருங்கள். போகிறது என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்களும் இதையே வைத்துக்கொள்ளலாம். பெண்மை, அடக்கம், பண்பாடு என்ற பேச்செல்லாம் இதில் வேண்டாம். ஒருவர் உதட்டில் சாயம் பூசுவதைப் பார்க்கப் பிடிக்காதவருக்கு ஜன்னல் இருக்கிறது.

ஸ்ப்ரே ஏன் தப்பு? அந்த டப்பாவுக்குள்ளிருந்து நறுமணத்தைத் தள்ளி வெளியே அனுப்புவது பெரும்பாலும் பியூட்டேன், புரோப்பேன் போன்ற வாயுக்கள். அடுப்பு சிலிண்டரில் இருப்பதும் இந்தக் குடும்பம்தான். கூடவே ஆல்கஹால். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், தீப்பற்றும், 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் கூடாது என்று பொடி எழுத்தில் இருக்கும். ஏசி பெட்டியில் வெளியிலிருந்து புதிதாக வரும் காற்று ஒரு பங்குதான், மீதி அதே காற்றுதான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. நீங்கள் இரண்டு நொடி அழுத்தியதை நாலு வரிசை தள்ளி இருப்பவரும் முகர்ந்தாக வேண்டும். அவருக்கு ஆஸ்துமா இருந்தால், ஒற்றைத் தலைவலி இருந்தால், அது வெறும் முகச்சுளிப்போடு போகாது. ஹேர் ஸ்ப்ரே, செட்டிங் ஸ்ப்ரே, தண்ணீரில்லாமல் அடிக்கும் டிரை ஷாம்பு எல்லாம் இதே கணக்கு.

உங்கள் கவலை வியர்வை என்றால் அதற்கு ரயிலில் வேலையே இல்லை. வியர்வையைக் குறைக்கும் ஆன்டி-பெர்ஸ்பிரன்ட் ரோல்-ஆன் வகையை இரவு படுக்கும் முன், தோல் உலர்ந்திருக்கும்போது தடவினால்தான் நன்றாகப் பிடிக்கும். தோல் மருத்துவர்களும் இதையே சொல்வார்கள். ராத்திரியே வேலை முடிந்தது. காலையில் ஒரு சுமை குறைவு.

சரி, ஐலைனர். மஸ்காராவும் இதில் சேர்த்தி. பேருந்தானாலும் காரானாலும், நீங்களே ஓட்டாவிட்டாலும்கூட, ஓடும் வண்டியில் கண்ணுக்கு ஒப்பனை செய்யாதீர்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. வண்டி திடீரென்று நின்றால், பள்ளத்தில் இறங்கினால், பிரஷ் முனை கருவிழியைக் கீறிவிடும். சின்னக் கீறல்தானே என்று விட முடியாது, அதன் வழியே கிருமி நுழைந்தால் பார்வை வரை போகும். கண்ணை வீட்டிலேயே முடித்துவிட்டு, உதட்டையும் முகத்தையும் ரயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ரயில் நிலையத்தில் நிற்கும் சில நொடிகளில் வரைந்துவிடுவேன் என்பவர்களும் உண்டு. அந்த நொடியில்தான் இறங்குபவர் பை உங்கள் கையில் இடிக்கும்.

தலை சீவுவதில் ஒரே விஷயம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. ஏற்கெனவே உதிர்ந்து தலையிலேயே தங்கியிருப்பதுதான் சீப்பு பட்டதும் வெளியே வருகிறது. வெளியே வருவது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். கலைந்ததைக் கையால் ஒதுக்கிக் கட்டுங்கள், சீப்பை எடுக்காதீர்கள்.

நகம் வெட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம். வெட்டிய துண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று வெட்டுபவருக்கே தெரியாது. நகப்பூஞ்சை இருப்பவர் என்றால் அந்தத் துண்டிலும் பூஞ்சை உயிரோடு இருக்கும். அப்புறம் நெயில் பாலிஷ். அதை அழிக்கும் திரவத்தில் பெரும்பாலும் இருப்பது அசிட்டோன். மைனஸ் 20 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் பொருள் அது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே தங்கும். மூடிய பெட்டியில் அந்தப் பாட்டிலைத் திறப்பவரிடம் நாகரிகம் பற்றிப் பேசிப் பயனில்லை, பாதுகாப்பு ஊழியரைக் கூப்பிடுங்கள்.

இந்த இரண்டையும், அதாவது நகம் வெட்டுவதையும் உதட்டுச் சாயத்தையும், ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில் போக்குவரத்து நிறுவனங்களுக்கே பெரிய பங்குண்டு. 2015-ல் நியூயார்க் சுரங்க ரயில்களில் ஒட்டிய மரியாதைப் பிரசாரச் சுவரொட்டி ஒன்று, நகம் வெட்டுவதையும் அலங்காரம் செய்துகொள்வதையும் ஒரே வரியில் போட்டு, இது ரயில் பெட்டி, கழிப்பறை அல்ல என்று அறிவுரை சொன்னது. நல்லது. அந்த நகரத்தில் 470-க்கும் மேற்பட்ட நிலையங்கள். கழிப்பறை உள்ளவை அதில் சிறு பங்குதான். பெருந்தொற்று வந்த 2020-ல் இருந்தவற்றையும் மூடினார்கள், திரும்பத் திறக்க ஆரம்பித்தது 2023-ல். டோக்கியோவில் டோக்கியூ ரயில் நிறுவனம் 2016-ல் ஒப்பனை செய்யும் பெண்களைக் குறிவைத்து விளம்பரப் படமே எடுத்தது. இதில் யாருக்கு என்ன தொல்லை, ஏன் பெண்களை மட்டும் சொல்கிறீர்கள் என்று மக்கள் திருப்பிக் கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான். பளிச்சென்று வர வேண்டும் என்று அலுவலகம் எதிர்பார்க்கும். விடிகாலை ரயிலைப் பிடி என்று நேர அட்டவணை சொல்லும். நிலையத்தில் ஒரு கண்ணாடி, ஒரு வாஷ்பேசின், ஒரு கொக்கி வைக்க யாரிடமும் பணம் இருக்காது. சுவரொட்டி அச்சடிக்க மட்டும் எங்கிருந்தோ வந்துவிடும். பயிற்சி அறையில் இதைச் சொன்னால் அதிகாரிகள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

அபராதம் பற்றி. பெரும்பாலான போக்குவரத்து நிறுவனங்களின் விதிகளில் ஒப்பனை என்று தனிக் குற்றம் கிடையாது. குப்பை போடுவது, பிறருக்குத் தொல்லை தருவது, தீப்பற்றும் பொருளைக் கையாள்வது, இவைதான் இருக்கும். ஸ்ப்ரேயும் அசிட்டோனும் அங்கே மாட்டலாம், லிப்ஸ்டிக் மாட்டாது. "பெட்டியில் அலங்காரம் செய்தால் இவ்வளவு அபராதம்" என்று ரயில் நிறுவன முத்திரையோடு கைபேசியில் சுற்றும் படங்களை நம்பாதீர்கள். முத்திரையை யாரும் ஒட்டலாம், எழுத்துப் பிழைகளை வைத்தே பாதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

இதில் ஒரு மோசடி இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். கழுத்தில் ஏதோ ஓர் அட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "நீங்கள் செய்வது குற்றம், இங்கேயே கட்டிவிட்டால் வழக்கில்லை" என்று காசு கறக்கும் ஆட்கள். தனியாக இருக்கும் பெண்கள், ஊருக்குப் புதியவர்கள், கூச்சப்பட்டு உடனே கொடுத்துவிடுபவர்கள்தான் இவர்கள் தேடும் ஆள். அட்டையை அருகில் காட்டச் சொல்லுங்கள். எந்த விதி, எந்த எண் என்று கேளுங்கள். ரசீது கேளுங்கள். அடுத்த நிலையத்தில் அதிகாரியிடம் கட்டுகிறேன் என்று சத்தமாகச் சொல்லுங்கள், நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். உண்மையான பரிசோதகர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். போலி ஆள் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவார். ரசீது இல்லாமல், கைபேசி எண்ணுக்கு அனுப்பு என்று கேட்கும் எந்த அபராதமும் அபராதம் அல்ல.

அடுத்த ஆட்கள் 'பயண ஒப்பனை செட்' விற்பவர்கள். ஓடும் ரயிலில் முழு ஒப்பனை என்று வீடியோ போடுவார்கள், கீழே வாங்கும் இணைப்பு இருக்கும், நீங்கள் வாங்கினால் அவர்களுக்குக் கமிஷன். பெரும்பாலும் காலியாக இருக்கும் பெட்டியில் எடுத்தது அது. செட்டுக்குள் பார்த்தால் குட்டி ஸ்ப்ரே, குட்டி நெயில் ரிமூவர், 'விமானப் பயணத்துக்கு ஏற்றது' என்ற ஒட்டு. அந்த ஒட்டுக்குப் பின்னால் இருப்பது விமானக் கைப்பைத் திரவங்களுக்கான 100 மில்லி வரம்பு. அது எங்கிருந்து வந்தது? 2006 ஆகஸ்டில், திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி பிரிட்டனில் பிடிபட்ட பிறகு வந்தது. கைப்பையில் எவ்வளவு திரவம் கொண்டுபோகலாம் என்பதற்கான பாதுகாப்பு விதி அது. கொண்டுபோகலாம் என்றால் இருக்கையில் உட்கார்ந்து அடிக்கலாம் என்று அர்த்தமில்லை. கேஸில் இயங்கும் முடி சுருட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள்: சூடாகும் பகுதிக்கு மூடி போட்டு ஒன்று கொண்டுபோக விமானங்களில் அனுமதி உண்டு, உள்ளே அதை இயக்க அனுமதி இல்லை. விற்பவர் இந்த வித்தியாசத்தைச் சொல்ல மாட்டார். சொன்னால் விற்காது.

வகுப்பு வேண்டாம். நாகரிகத்துக்கு யாரும் யாருக்கும் சான்றிதழ் கொடுக்கலாம், அதை எந்த வேலையிலும் யாரும் கேட்கப் போவதில்லை. இலவச அறிமுகம் என்று அழைப்பார்கள், அதில் உங்கள் கூச்சத்தை நன்றாகக் கிளறிவிட்டு, கடைசியில் கட்டணப் பக்கத்தைத் திறப்பார்கள். அவர்கள் சொல்லித்தருவது மேலே நான் சொன்ன ஒரு வரிக்குள் அடங்கும்.

இனி இரவு ரயில். இங்கேதான் நான் சொன்ன சோதனை கொஞ்சம் வளையும். ஒரு மணி நேரப் பயணத்தில் பெட்டி என்பது நீங்கள் கடந்துபோகும் இடம். இரவு ரயிலில் ஆட்கள் அங்கே தூங்கி, விழித்து, முகம் கழுவி, நாளை ஆரம்பிக்கிறார்கள். பல் துலக்காதே, தலை சீவாதே என்று அங்கே சொல்ல முடியாது. அதனால் அங்கே கேள்வி எதைச் செய்வது என்பதல்ல, எங்கே, எப்போது என்பது. எங்கே என்றால் பெர்த்தில் இல்லை, பெட்டிக் கோடியில் இருக்கும் வாஷ்பேசினில். தலை சீவுவதும் அங்கேதான், உதிர்ந்த முடியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும், குழாய்க்குள் விடக் கூடாது. எப்போது என்றால் கடைசி அரை மணி நேரத்தில் இல்லை. அந்த அரை மணியில் பெட்டியே வரிசையில் நிற்கும். முன்னாலேயே எழுந்துவிட்டால் பேசின் உங்களுக்கு, அவசரமும் இல்லை. ஆனால் விடியும் முன் எழுந்தால் விளக்கைப் போடக் கூடாது, பிளாஸ்டிக் பையைச் சரசரக்கக் கூடாது. தேவையானதை ஒரு துணிப்பையில் எடுத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுங்கள். பின்னால் ஒருவர் காத்திருந்தால் பல் துலக்கி, முகம் கழுவி விலகிவிடுங்கள், க்ரீமும் பவுடரும் இருக்கைக்கு வந்து போடலாம். யாரும் இல்லை என்றால் நின்று நிதானமாகச் செய்யுங்கள், ஒருவர் வந்ததும் விட்டுக்கொடுங்கள். ஆண்கள் சவரம் செய்வதும் இதே இடம்தான். குலுங்கும் வண்டியில் பிளேடு வேண்டாம், மின்சார ரேசர் போதும், அதன் தூளைப் பேசினில் தட்டிவிட்டுப் போகக் கூடாது. கிளம்பும் முன் பேசினை ஒரு டிஷ்யூவால் துடைத்துவிடுங்கள். உங்கள் ஐலைனருக்கு இங்கேயும் விலக்கு இல்லை, வண்டி இங்கேயும் குலுங்கும். இறங்கிய பிறகு காத்திருப்போர் அறையில் வரைந்துகொள்ளுங்கள், மீட்டிங்குக்குக் கால் மணி தாமதமானாலும் பரவாயில்லை.