வேருக்குள் இருப்பது எந்தப் புழு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உருளைக்கிழங்கு வயலில் அங்கங்கே திட்டுத் திட்டாகச் செடிகள் குட்டையாக, மஞ்சளாக நிற்கின்றன. மதியம் வாடி, சாயங்காலம் நிமிர்ந்துவிடுகின்றன. தண்ணீர், உரம் எதிலும் குறை வைக்கவில்லை. பூச்சி ஒன்றும் கண்ணில் படவில்லை. என்னவாக இருக்கும்?

பதில்: முதல் சந்தேகம் நூற்புழு மேல்தான், அதாவது மண்ணில் இருந்துகொண்டு வேரைத் தின்னும், கண்ணுக்குத் தெரியாத நூல் போன்ற புழு. வயல் முழுக்க ஒரே சீராக மஞ்சள் அடித்திருந்தால் சத்துக் குறைபாடு என்று நினைக்கலாம். திட்டாக ஆரம்பித்து, அந்தத் திட்டு வருஷா வருஷம் உழவு ஓடும் திசையில் நீண்டுகொண்டே போனால் மண்ணுக்குள் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இலையைப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, வேரைத்தான் பார்க்க வேண்டும்.

பூக்கும் சமயம் இதற்குத் தோதானது. செடியைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் மெல்லிய வேர்கள் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும், நாம் தேடுவதும் அவற்றில்தான் ஒட்டியிருக்கும். மண்வெட்டியால் சுற்றிலும் வெட்டி, மண்கட்டியோடு தூக்கி, ஒரு வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, மண் தானாகக் கரைந்து இறங்கும்வரை பொறுத்து, அப்புறம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். வேரின் மேல் அரை மில்லிமீட்டர் அளவில் வெள்ளையாகவோ பொன்மஞ்சளாகவோ குட்டி உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது முட்டைக்கூடு நூற்புழு. வேரே வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. உருண்டையும் இல்லை, முடிச்சும் இல்லை, பழுப்புக் கீறல்கள் மட்டும் தெரிகின்றன என்றால் வேர்ச்சிதைவு நூற்புழுவாக இருக்கலாம், அதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்குப் பலிக்காது. எது என்று தெரியாமலே மருந்து வாங்க ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: முட்டைக்கூடு நூற்புழு வந்த நிலத்தில் 20 வருஷம் ஆனாலும் அது சாகாது என்கிறார்கள். ஒரு புழு அவ்வளவு நாள் சாப்பிடாமல் எப்படி இருக்கும்?

பதில்: இருப்பது புழு இல்லை, முட்டை. பெண் புழு தலையை வேருக்குள் வைத்துக்கொண்டே தின்று பெருக்கிறது, உடம்பு வேரை உடைத்துக்கொண்டு வெளியே உருண்டு நிற்கிறது. நீங்கள் லென்ஸில் பார்ப்பது அந்த உடம்பைத்தான். ஆண் புழு வந்து சேர்ந்த பிறகு அந்த உடம்புக்குள்ளேயே முட்டைகள் நிறைகின்றன, பொதுவாக 200 முதல் 500 வரை. பிறகு அது செத்து, தோல் பழுப்பாக இறுகி, அந்தத் தோலே முட்டைகளுக்குக் கூடாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் குஞ்சுகள் உறக்கத்தில் கிடக்கும். உருளை, தக்காளி போன்ற செடிகளின் வேரிலிருந்து கசியும் பொருள்கள் மண் ஈரத்தில் கலந்து வந்து சேர்ந்தால்தான் பெரும்பாலானவை பொரிந்து வெளியே வரும். அதுவரை 20 வருஷம் என்ன, அதற்கு மேலும்கூடக் காத்திருக்கும்.

வெளியே வந்த குஞ்சு வேர்நுனிக்குப் பக்கத்தில் நுழைந்து, ஊசி போன்ற வாயுறுப்பை ஒரு செல்லில் செருகி, பக்கத்துச் செல்களின் சுவர்களைக் கரைய வைத்து எல்லாவற்றையும் ஒரே பெரிய தீனிக்கூடமாக்கிக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கை, நன்றாகத் தீனி கிடைத்த குஞ்சு பெண்ணாக வளரும், அரைவயிறாகக் கிடந்தது ஆணாகும். வேரில் நெரிசல் கூடினால் ஆண்கள் பெருகிவிடுவார்கள்.

உருளை போடாத வருஷங்களிலும் கொஞ்சம் முட்டை தானாகப் பொரிந்தும் அழிந்தும் குறைந்துகொண்டுதான் இருக்கும். வருஷத்துக்கு 30 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால் 7 வருஷத்தில் நூறில் எட்டுதான் மிஞ்சும். மண்ணையும் வெப்பநிலையையும் பொறுத்து இது கூடும், குறையும். நீண்ட பயிர் சுழற்சி சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஆனால் மிஞ்சிய அந்த எட்டும் ஒரே ஒரு உருளைப் பயிரில் பல மடங்காகிவிடும். போன அறுவடையில் தப்பிய கிழங்குகள் வருஷா வருஷம் தானாக முளைத்து நின்றால் சுழற்சி செய்ததே வீண், அவற்றைத் தேடிப் பிடுங்க வேண்டும்.

கேள்வி: செண்டுமல்லி ஊடுபயிராகப் போட்டால் எல்லா நூற்புழுவும் செத்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?

பதில்: கால்வாசி உண்மை. செண்டுமல்லி வேரில் ஆல்ஃபா டெர்தியனில் என்ற பொருள் இருக்கிறது. வேர்முடிச்சுப் புழுவில் சில வகைகளும் வேர்ச்சிதைவுப் புழுவும் அதனால் குறைவது ஆய்வுகளில் தெரிந்ததுதான். ஆனால் வரப்போரம் நாலு செடி வைத்தால் போதாது. நிலம் முழுக்க நெருக்கமாக, சில மாதங்கள் அதுவே பயிராக நிற்க வேண்டும்.

முட்டைக்கூடு நூற்புழுவிடம் இந்த வேலை நடக்காது. செண்டுமல்லி வேரின் கசிவுக்கு அந்த முட்டைகள் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அதற்குத் தனியாக, உருளை சேர்ந்த கத்தரிக் குடும்பத்திலேயே முள்செடி ஒன்று உண்டு, சொலானம் சிசிம்பிரிஃபோலியம் என்று பெயர். அதன் வேர் முட்டைகளைப் பொரிய வைக்கும், ஆனால் வந்த குஞ்சுகளை வளரவிடாது. பொறிப்பயிர் என்று இதைச் சில நாடுகளில் பயிரிடுகிறார்கள். கவனமில்லாமல் விட்டால் அதுவே களையாகப் பரவும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பயிர் சுழற்சியும் இப்படித்தான். முட்டைக்கூட்டுப் புழுவுக்கு உருளைக் குடும்பம்தான் தீனி, அதனால் தானியம், பயறு, கோஸ் எதைப் போட்டாலும் அது பட்டினி. வேர்முடிச்சுப் புழுவுக்கு ஆயிரக்கணக்கான செடிகள் ஒத்துக்கொள்ளும், உருளையை விட்டுவிட்டு வெண்டையும் பாகலும் போட்டால் அதற்கு விருந்துதான்.

கேள்வி: எதிர்ப்பு ரகம் வாங்கிப் போட்டால் கவலை விட்டதா?

பதில்: எந்தப் புழுவுக்கு எதிர்ப்பு என்று கேட்டு வாங்கினீர்களா? முட்டைக்கூட்டுப் புழுவிலேயே இரண்டு இனம் உண்டு, பொன்னிறத்தது குளோபோடெரா ராஸ்டோகியென்சிஸ், வெளிர்நிறத்தது குளோபோடெரா பாலிடா. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் உருளை ஒன்றிலிருந்து எடுத்த ஹெச்1 மரபணு பொன்னிறத்தின் முக்கிய வகையை நன்றாகவே தடுக்கிறது. 1960களில் பிரிட்டனில் வந்த மாரிஸ் பைப்பர் ரகத்தில் இருப்பது அதுதான். பிரமாதமாக விளைந்தது, எல்லோரும் போட்டார்கள், பொன்னிறப் புழு அடங்கியது, காலியான இடத்தில் வெளிர்நிறப் புழு ஏறி உட்கார்ந்துகொண்டது. இங்கிலாந்தில் இன்றைக்கு அதுதான் பெரிய தலைவலி.

இன்னொன்று, எதிர்ப்பு வேறு, தாங்கும் திறன் வேறு. தாங்கும் ரகம் நல்ல மகசூல் கொடுத்துக்கொண்டே மண்ணில் புழுவைப் பெருக்கிவிடும். மகசூலைப் பார்த்து ஏமாறக் கூடாது.

கேள்வி: என் நிலத்தில் இதுவரை இல்லை. எப்படி வந்து சேரும்?

பதில்: நீங்கள் கொண்டு வந்தால்தான். தானாக ஊர்ந்து ஒரு மீட்டர் தாண்டுவதே அதற்குப் பெரிய பாடு. முட்டைக்கூட்டுப் புழு ஆண்டீஸ் மலையிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவுக்குப் போனதும், 1941ல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கண்டுபிடிக்கப்பட்டதும், 1961ல் நீலகிரியில் தெரியவந்ததும் மனிதன் மூட்டை கட்டி எடுத்துப் போனதால்தான். விதைக்கிழங்கில் ஒட்டிய மண், பழைய சாக்கு, வாடகை டிராக்டரின் சக்கரம், உங்கள் செருப்பு, இவைதான் வழி. வேர்முடிச்சுப் புழுவுக்கு மண்கூடத் தேவையில்லை, கிழங்குக்குள்ளேயே வரும். சந்தேகமான விதைக்கிழங்கைத் தோலுக்குக் கீழே மெல்லிசாகச் சீவிப் பாருங்கள், சதையில் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் நடாதீர்கள்.

கேள்வி: அந்தக் கிழங்கைச் சாப்பிடலாமா?

பதில்: தாராளமாக. இவை செடியின் செல்லை மட்டுமே குத்திக் குடிப்பவை, மனிதனை ஒன்றும் செய்யாது. அழுகிய பகுதி இருந்தால் வெட்டி எறியுங்கள்.

கேள்வி: கடைசியாக, மருந்து அடித்து ஒரேயடியாக ஒழிக்க முடியாதா?

பதில்: முடியாது. குருணை மருந்துகள் நட்ட முதல் சில வாரங்கள் வேரைக் காப்பாற்றும், அதனால் மகசூல் கூடும், ஆனால் கூட்டுக்குள் உறங்கும் முட்டைகள் அப்படியே கிடக்கும். மண்ணைப் புகைமூட்டிக் கொன்ற மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி விலக்கப்பட்டது, ஆல்டிகார்ப் என்ற குருணை மருந்து அதன் நச்சுத்தன்மையால் பல நாடுகளில் போய்விட்டது. மருந்துக்கு முன்னால் மண் பரிசோதனைக்குச் செலவழியுங்கள். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்த மண்தான் வேண்டும், திட்டின் நடுவில் அள்ளிய ஒரு பிடி போதாது.

அவசரமாக ஒரு யோசனை தெரிய வேண்டுமென்றால், நிழலில் நன்றாகக் காய்ந்த மண்ணை வெள்ளைப் பாத்திரத்துத் தண்ணீரில் கலக்கி விடுங்கள். காய்ந்த முட்டைக்கூடு மிதக்கும், ஓரத்தில் வந்து ஒட்டும் தூசியை லென்ஸில் பார்த்தால் பழுப்பு உருண்டைகள் தெரியும். உள்ளே உயிர் இருக்கிறதா, எந்த இனம் என்பது ஆய்வகத்தின் வேலை. வேர்முடிச்சுப் புழுவா என்று சந்தேகப்பட்டால் மட்டும் மண்ணைக் காயவிடாதீர்கள், ஈரத்தோடு பையில் கட்டி, வெயில் படாமல் உடனே அனுப்புங்கள், காய்ந்தால் புழு செத்து, ஒன்றும் இல்லை என்று முடிவு வந்துவிடும்.