சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு ஏன் புண் வருகிறது? உட்காரும் முறையால் தடுக்கலாமா?

ஒரே இடத்தில் நெடுநேரம் பாரம் அழுத்துவதால் தோலும் அதன் கீழுள்ள சதையும் செத்துப்போவதுதான் அழுத்தப் புண். பீலிக்கரையில் ஹோஸை மிதித்தால் தண்ணீர் நிற்கிறதல்லவா, அப்படித்தான் எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவில் நசுங்கும் நுண்குழாய்களில் இரத்தம் நின்றுவிடுகிறது. உணர்ச்சி இல்லாதவருக்கு வலி எச்சரிக்காது.

தவறு பல நேரம் கால்தாங்கியில் இருக்கும். அது உயரமாக இருந்தால் முழங்கால் தூக்கி, பாரமெல்லாம் பிட்டத்து எலும்புக்குப் போகும். தாழ்வாக இருந்தால் உடல் முன்னால் வழுக்கி, வால் எலும்புப் பக்கத்துத் தோல் இழுபடும். இடுப்பைப் பின்சாய்வோடு ஒட்டவைத்து, தொடை முழுவதும் மெத்தையில் படும்படி கால்தாங்கியைச் சரிசெய்யுங்கள். துணி இருக்கை தொய்ந்திருந்தால் மெத்தைக்கு அடியில் பலகை போடுங்கள். தோட்டத்து லய வீடுகளின் பாதை இறக்கத்திலும் உடல் வழுக்கும். நாற்காலியைப் பின்பக்கமாக இறக்கி, சமதரைக்கு வந்ததும் இடுப்பைத் திரும்பப் பின்னே தள்ளுங்கள். மழையில் நனைந்த மெத்தை உறையை உடனே மாற்றுங்கள்.

15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்து 2 நிமிடம் இருக்க வேண்டும். கையூன்றி நொடிப்பொழுது எழும்புவது போதாது. இரவில் கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள். நாற்காலியிலிருந்து இறங்கி 30 நிமிடமாகியும் மறையாத சிவப்போ கருமையோ இருந்தால் அந்த இடத்தில் பாரம் வைக்காமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

நடுவில் ஓட்டையுள்ள டியூப் வளையம் நல்லதென்று பலர் வாங்குகிறார்கள். அதன் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுத்தோலுக்குப் போகும் இரத்தத்தைத்தான் குறைக்கும்.