கட்டம் கட்டமாக வரும் தமிழ்

ஈசூன் வாசகி ஒருவர்: எங்கள் புளோக்கின் பொங்கல் மலரை நான்தான் தொகுக்கிறேன். வேர்டில் அடித்து அனுப்பினால் அச்சகத்தில் பாதி எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறதாம், பிடிஎஃப் கேட்கிறார்கள். அதற்குக் காசு கட்டி மென்பொருள் வாங்க வேண்டுமா?

வேண்டாம், ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. பிடிஎஃப் அடோபி நிறுவனம் 1993இல் கொண்டுவந்ததுதான், ஆனால் 2008இல் அது ஐஎஸ்ஓ எனும் அனைத்துலகத் தரமாகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அதற்கு மென்பொருள் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். உங்கள் வேர்டிலேயே ‘சேவ் அஸ்’ போனால் பிடிஎஃப் இருக்கும். ஆனாலும் வேர்டு போலவே வேலை செய்யும் லிப்ரே ஆஃபிஸ் என்ற மென்பொருளைத்தான் நான் சொல்வேன். இலவசம், அதோடு எக்ஸ்போர்ட் செய்யும்போது ‘ஹைப்ரிட் பிடிஎஃப்’ என்று ஒரு கட்டம் வரும். அதை டிக் செய்தால் மூலக் கோப்பும் பிடிஎஃபுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், அடுத்த பொங்கலுக்கு அதையே திறந்து திருத்தலாம். சாதாரண பிடிஎஃபிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறிக் கொட்டும், அப்போது இதன் அருமை தெரியும்.

கட்டம் வருவதற்குக் காரணம், உங்கள் எழுத்துரு அச்சகத்தின் கணினியில் இல்லாததுதான். பிடிஎஃபில் அது கூடவே போய்விடும். போனதா என்று பார்க்க, அடோபி ரீடரில் திறந்து கன்ட்ரோல்+டி அழுத்தி ‘ஃபான்ட்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள். எழுத்துருப் பெயருக்குப் பக்கத்தில் ‘எம்பெடட் சப்செட்’ என்று இருந்தால் சரி, நீங்கள் பயன்படுத்திய எழுத்துகள் கோப்புக்குள்ளேயே இருக்கின்றன என்று பொருள். நானே ஒருமுறை அவசரத்தில் பிடிஎஃபுக்குப் பதில் வேர்டு கோப்பை அனுப்பி, ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே புள்ளி வட்டம் என்று நூறு அழைப்பிதழ் அடித்து வந்து நின்றது. தப்பு என்னுடையதுதான், யாரைச் சொல்ல?

படங்களை அச்சுக்கு 300 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில், வையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடத் தனியாக 150இல் ஒன்று போதும்.

செங்காங் வாசகர்: மகனின் சான்றிதழ்களையும் அடையாள அட்டையையும் ஒரே பிடிஎஃபாக்க ஏதோ ஓர் இணையத்தளத்தில் ஏற்றலாமா?

அடையாள அட்டையையா? ஐயோ, வேண்டாம். பிடிஎஃப்சாம் பேசிக் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், ‘மெர்ஜ்’ அழுத்தினால் எல்லாம் ஒன்றாகிவிடும், கோப்பும் உங்கள் கணினியை விட்டு எங்கும் போகாது. அட்டையை ஸ்கேன் செய்யவும் கடைக்கு ஓட வேண்டாம், ஐஃபோன் என்றால் ‘நோட்ஸ்’ செயலியே ஸ்கேன் செய்து பிடிஎஃபாகத் தந்துவிடும்.