எல்ஜிபிடிக்யூ மக்களை ஏற்கும் மனநல ஆலோசனை என்கிறார்களே, உள்ளே போனால் அது எப்படி இருக்கும்?

தம்பி தன்பாலீர்ப்பாளன் என்று உங்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். சரியாகத் தூங்குவதில்லை. ஆலோசகரிடம் கூட்டிப் போக ஆசை, ஆனால் போன இடத்தில் "மாத்திடலாம்" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்களோ என்று பயம். இதுதானே உங்கள் கேள்வி? நான் தென்மாவட்ட நகரம் ஒன்றில் உளவியல் ஆலோசகர். பதினோரு வருடம் ஆகிறது. முதல் சில வருடங்கள் இந்த வேலையை நானே தப்பாகத்தான் செய்தேன், அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

அப்போது ஒரு மருத்துவமனையில் வேலை. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியை அம்மாவும் தாய்மாமனும் கூட்டி வந்தார்கள். "மாப்ள வீட்ல பாக்க வர்றாங்கன்னாலே மயங்கி விழுந்துடுறா மேடம்." தனியாக உட்கார வைத்துப் பேசியபோது, கல்லூரித் தோழி ஒருத்தியைக் காதலிப்பதாகச் சொன்னாள். நான் முகம் சுளிக்கவில்லை. "இதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா" என்றுகூடச் சொன்னேன். கதவைத் திறந்து வெளியே வந்ததும் மாமா கேட்டார்: "என்ன மேடம் சொன்னா?" நானும், "அவ மனசுல வேற ஒரு விஷயம் இருக்கு, கொஞ்சம் டைம் கொடுங்க" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். மூன்றாம் நாள் அந்த அம்மா போன் பண்ணி எனக்கு நன்றி சொன்னார். "நீங்க சொன்னப்புறம்தான் மேடம் அவ போனை வாங்கிப் பாத்தோம்."

அந்தப் பெண் திரும்ப வரவே இல்லை.

எனக்கு அவள்மேல் பிரியம் இருந்தது. யாருக்காக வேலை பார்க்கிறேன் என்பதுதான் தெரியவில்லை. நம் ஊரில் அப்பாயின்ட்மென்ட் போடுவது அக்கா, ஃபீஸ் கட்டுவது அப்பா, பக்கத்து நாற்காலியில் உட்காருவது அம்மா. வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் இந்தக் கூட்டம் கிடையாது. இதைத் தீர்க்காமல் "இங்கே எல்ஜிபிடிக்யூ மக்களும் வரலாம்" என்று காட்ட வாசலில் வானவில் ஸ்டிக்கர் ஒட்டி என்ன பயன்?

இப்போது குடும்பத்தோடு யார் வந்தாலும், முதல் ஐந்து நிமிடம் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன்: "இவங்களுக்கு 18 வயசு ஆயிடுச்சு. உள்ள பேசுறது எங்க ரெண்டு பேருக்குள்ள. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன், அதையும் இவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லப் பாப்பேன்." இது என் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23, இந்த ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே எழுதிவைத்திருக்கிறது. சில அப்பாக்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போவார்கள். போகட்டும்.

மற்ற மாற்றங்கள் எல்லாம் சில்லறை வேலைபோலத் தெரியும். வெயிட்டிங் ரூமில் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவதில்லை, டோக்கன் நம்பர்தான். ஆதாரில் பெண் பெயர் இருக்கும் ஒரு திருநம்பி (பிறப்பில் பெண் என்று பதிவான ஆண்), இருபது பேர் நடுவில் அந்தப் பெயரைக் கேட்டு எழுந்து நிற்க வேண்டியிருந்தால், உள்ளே வருவதற்குள் பாதி ஆள் செத்துப்போய்விடுவார். ஃபார்மில் "கூப்பிட வேண்டிய பெயர்" என்று ஒரு கட்டம். "எந்த நம்பருக்குக் கூப்பிடலாம், வேறு யாராவது எடுப்பார்களா" என்று இன்னொரு கட்டம். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று ஆரம்பிக்கும் பழக்கத்தை விட எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. இப்போது "உங்களுக்கு நெருக்கமானவங்க யாரெல்லாம்?" என்கிறேன். அதற்கு வரும் பதிலில் எல்லாம் இருக்கும்.

பிறகு, எதற்கு வைத்தியம் என்பது. தம்பியின் ஈர்ப்புக்கு வைத்தியம் கிடையாது, தேவையும் இல்லை. அவன் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் உண்டு. இலன் மேயர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003-ல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாக விளக்கினார்: சிறுபான்மையாக இருப்பதாலேயே ஓயாமல் சேரும் அழுத்தம். கிண்டல், எப்போது தெரிந்துவிடுமோ என்ற பயம், மறைத்து மறைத்துப் பேசும் களைப்பு, ஊர் சொன்னதைத் தானே நம்பித் தன்னையே வெறுப்பது. இதையெல்லாம் நீங்கள் அவன் வாட்ஸாப்பிலேயே பார்க்கலாம். வீட்டு குரூப்பில் "எப்போ கல்யாண சாப்பாடு" என்று வந்ததும் அவன் ஆஃப்லைன் போவான்.

ஆனால் எல்லாவற்றையும் இதிலேயே கொண்டுபோய் முட்டவைப்பதும் தப்பு. ஒருவர் என்னிடம் கோபமாகவே கேட்டார்: "வேலை போன கவலைல வந்தேன் மேடம், நீங்க என் பாய்ஃபிரண்ட் பத்தியே கேட்டுட்டு இருக்கீங்க." சரியான சூடு.

மாற்றுகிறேன் என்று சொல்பவர்களைப் பற்றி. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990-ல். ஆனால் அதே பட்டியலில் ஒரு கொல்லைப்புறக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். தன் ஈர்ப்பு தனக்கே பிடிக்காமல் ஒருவர் தவித்தால், அந்தத் தவிப்புக்கு ஒரு நோய்ப்பெயர் இருந்தது. "அவரே மாத்தச் சொல்றாரே" என்று சொல்லி, சிலர் இதை வைத்தே காலம் ஓட்டினார்கள். 2022-ல் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில் அந்தப் பெயரும் இல்லை. பிடிக்காமல் போனதற்கு யார் காரணம் என்று கேட்காமல் மாற்றக் கிளம்புவது என்ன நியாயம்?

நம் பக்கத்துக் கதையே ஒன்று இருக்கிறது. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ, பெற்றோர் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுத்தார்கள். பாதுகாப்புக் கேட்டு வந்த அந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, பிறகுதான் தீர்ப்பு எழுதினார். 2021 ஜூன் 7. பாலின ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை, மீறுகிறவர்கள் மீது உரிமம் பறிப்பது வரை நடவடிக்கை. அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்ததும் அந்த வழக்கின் தொடர்ச்சிதான். ஒரு நீதிபதி மாணவராக உட்கார்ந்ததை நான் பயிற்சி வகுப்புகளில் சொல்வேன். மூத்த டாக்டர்கள் நெளிவார்கள், எனக்கு அது பிடிக்கும்.

அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொன்று. அதே 2017 சட்டத்தின் பிரிவு 14-ன்படி, 18 வயதான எவரும் தனக்கு ஒரு 'நியமிக்கப்பட்ட பிரதிநிதி'யைத் தேர்ந்தெடுக்கலாம். வெறும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். முடிவெடுக்க முடியாத நிலையில் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால், விண்ணப்பம் அந்தப் பிரதிநிதியிடமிருந்து வர வேண்டும். யாரையும் எழுதிவைக்கவில்லை என்றால் அந்த இடம் உறவினருக்குப் போகும். வீட்டிலிருந்து பயந்து ஓடிவந்தவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். பிரதிநிதி நண்பராக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம்.

"வீட்ல சொல்லிடு, பாரம் குறையும்" என்று அவசரப்படுத்தும் ஆலோசகரிடமும் ஜாக்கிரதை. சொல்வதா வேண்டாமா என்று பேசுவதற்கு முன் நான் கேட்பவை: ஒரிஜினல் சர்டிபிகேட் யாரிடம் இருக்கிறது? பேங்க் அக்கவுன்ட்டில் யார் மொபைல் நம்பர்? ஒரு வாரம் தங்க யார் வீடு இருக்கிறது? இதற்கெல்லாம் பதில் இல்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டு நடுத்தெருவில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திருநங்கை, திருநம்பி ஆகியோர் விஷயத்தில் வேறொரு சிக்கல் உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன் மனநல மருத்துவரின் கடிதம் கேட்பார்கள். அந்தக் கடிதத்துக்காக ஆறு மாதம் "நீ உண்மையிலேயே பெண்தானா" என்று பரீட்சை வைப்பவர்கள் இருக்கிறார்கள். கடிதம் கையில் வரும்வரை அவர் மனச்சோர்வைப் பற்றி வாய் திறக்கமாட்டார், திறந்தால் தள்ளிப்போடுவார்களே. அப்புறம் எங்கே சிகிச்சை?

இனி உங்கள் வேலை. கூட்டிப் போகுமுன் நீங்களே போன் போடுங்கள். "தம்பி தன்பாலீர்ப்பாளன், தூக்கம் இல்லை, பார்ப்பீர்களா?" பெயர் சொல்ல வேண்டாம். "ஏற்கெனவே பாத்திருக்கேன், வாங்க" என்றால் சரி. "சின்ன வயசுதானே, இதெல்லாம் கொஞ்ச நாள்ல போயிடும்" என்றால் போனை வைத்துவிடுங்கள். "எனக்கு இதில் அனுபவம் இல்லை, ஆனால் கற்றுக்கொள்வேன்" என்று ஒருவர் சொன்னால் அவரைத் தள்ளிவிடாதீர்கள். சின்ன ஊர்களில் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்தான் கிடைப்பார். சிறப்பு ஆலோசகரே வேண்டும் என்றால் ஆன்லைன் செஷன் எடுக்கலாம். ஆனால் கதவு சாத்திப் பேச அவனுக்கு ஓர் அறை வேண்டும். மொட்டை மாடியில் நின்று பேசுகிறவர்கள் எனக்கு உண்டு, ஸ்கூட்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசுகிறவர்களும் உண்டு. நடு ராத்திரியில் அவனால் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

முதல் நாள் அவனோடு போங்கள், உள்ளே மட்டும் போகாதீர்கள். எதிர்க் கடையில் ஒரு டீ சொல்லி உட்காருங்கள். அவன் வெளியே வந்ததும் "என்ன சொன்னாங்க?" என்று கேட்காமல், "வடை சாப்பிடுறியா?" என்று கேளுங்கள்.