கப்பல் விருந்தும் நம்மூர்ச் சிங்கியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகன் 7 இரவு சொகுசுக் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறான். ஒருநாள் ராத்திரி லாப்ஸ்டர் (நம்மூரில் சிங்கி இறால் என்பார்களே, அந்த வகை) விருந்து உண்டாம். தனியாகக் காசு கேட்பார்களா? எப்படிச் சாப்பிடுவது? (வாசகர், பரமக்குடி)

பதில்: பெரிய சாப்பாட்டுக் கூடத்தில், எல்லோரும் நன்றாக உடுத்திவரச் சொல்லும் இரவில்தான் பெரும்பாலும் லாப்ஸ்டர் போடுவார்கள். முதல் தட்டு டிக்கெட் விலையிலேயே அடங்கிவிடும். இரண்டாவது வால் கேட்டால் சில கம்பெனிகள் இப்போது காசு வாங்குகின்றன. ஆர்டர் சொல்லும்போதே கேட்டுவிடுங்கள். கப்பலிலேயே தனிக் கட்டணத்தில் நடக்கும் உணவகங்களின் கணக்கு வேறு. 3, 4 இரவுப் பயணங்களில் பெரும்பாலும் லாப்ஸ்டர் இரவே இருக்காது.

முழு லாப்ஸ்டரை எதிர்பார்க்காதீர்கள். 120 முதல் 170 கிராம் வரை உள்ள ஒரு வால்தான் வரும். உறைய வைத்த வாலை வாட்டி, உருக்கிய வெண்ணெயும் எலுமிச்சையும் பக்கத்தில் வைப்பார்கள். ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் வாட்டி, சூட்டுப் பெட்டியில் வைத்து எடுப்பதால் நேரம் ஆக ஆகச் சதை வறண்டுபோகும். அதனால் கூடம் திறந்ததும் போய் உட்காருங்கள். ஓட்டிலிருந்து சதையை எடுத்துத் தரச் சொன்னால் பரிமாறுபவரே எடுத்துத் தருவார், கூச்சப்பட ஒன்றுமில்லை. காரம் வேண்டுமென்றால் மிளகாய் சாஸ் கேளுங்கள். ஆனால் முதல் இரண்டு வாயையாவது வெறும் வெண்ணெயோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: லாப்ஸ்டரில் மது சேர்ப்பார்கள் என்கிறார்களே? (வாசகி, கீழக்கரை)

பதில்: வாட்டிய வாலில் வழக்கமாகச் சேர்ப்பதில்லை. தெர்மிடோர், நியூபர்க் என்னும் கிரீம் சாஸ் வகைகள், பிஸ்க் சூப் ஆகிய மூன்றிலும் வழக்கமாக ஒயினோ பிராந்தியோ ஷெர்ரியோ இருக்கும். கொதிக்க வைத்தாலும் முழுதாக ஆவியாகிப் போகாது. "வாட்டியது, சாஸ் வேண்டாம், வெண்ணெய் தனியாக" என்று கேட்டு வாங்குங்கள். வெண்ணெயிலும் ஒயின் ஊற்றும் சமையல்காரர்கள் உண்டு என்பதால் அதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: படத்தில் லாப்ஸ்டருக்கு நண்டு மாதிரிப் பெரிய கொடுக்கு இருக்கிறது. நம் சிங்கிக்கு ஏன் இல்லை? (மாணவர், தங்கச்சிமடம்)

பதில்: கொடுக்குள்ளது வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் வாழும் ஹோமாரஸ் இனம். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கிடைப்பது முள் சிங்கி, பேனுலிரஸ் இனம். கப்பல் தட்டுக்கு வரும் வால்களில் கணிசமானவை கரீபியன் கடலின் பேனுலிரஸ்தான், அதாவது நம் சிங்கிக்குப் பங்காளி.

கேள்வி: கப்பலில் சாப்பிட்ட அதே வகையை வீட்டில் நம்மூர்ச் சிங்கியில் செய்ய முடியுமா? நான்கு பேருக்கு அளவு சொல்லுங்கள். (வாசகி, ராமநாதபுரம்)

பதில்: தாராளமாக. உங்களுக்குக் கிடைக்கும் சிங்கி கப்பலில் வருவதைவிடப் புதிது. முழு எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வால். ஆளுக்கு 150 கிராம் வால் வேண்டுமென்றால் 450 கிராம் அளவில் நான்கு சிங்கி வாங்குங்கள்.

உயிரோடு வாங்கினால் ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வாருங்கள். நல்ல தண்ணீரில் போட்டு வைக்கக் கூடாது, செத்துவிடும். அரை மணி நேரம் ஐஸில் புதைத்தால் அசைவு அடங்கும். பிறகு தலையையும் வாலையும் பிரியுங்கள். மீசையில் ஒரு துண்டை ஒடித்து, வால் நுனிக்கு அடியில் உள்ள துவாரத்தில் செருகி மெதுவாகத் திருகி இழுத்தால் குடல் முழுசாக வந்துவிடும். மீசை முள் அதைப் பிடித்துக்கொள்ளும்.

கத்தரிக்கோலால் முதுகு ஓட்டை நடுவில், வால் நுனி விசிறி வரை வெட்டுங்கள்; அடி ஓட்டை வெட்ட வேண்டாம். விரலை உள்ளே விட்டுச் சதையை விடுவித்து, விசிறிப் பக்கம் மட்டும் ஒட்டியிருக்க, மேலே தூக்கி ஓட்டின் மேல் உட்கார வையுங்கள். நீளவாக்கில் ஒரு மூங்கில் குச்சி குத்தினால் சுருளாது. உப்பைக் கொஞ்சமாகத் தூவுங்கள், கடல் உப்பு சதையிலேயே உண்டு.

இனி வெண்ணெய். உப்பில்லாத வெண்ணெய் 200 கிராமை அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் உருக்கி, மேல் நுரையை எடுத்துவிட்டு, தெளிந்ததை மட்டும் இறுத்தால் சுமார் 160 கிராம் தேறும். முருங்கைக் கீரை போட்டு இறக்கும் நெய்ப் பதம் வரை விடாதீர்கள். அந்த வாசனை சிங்கியின் இனிப்பை அமுக்கிவிடும். பூண்டு சேர்ப்பதானால் நான்கு பல்லை நசுக்கிப் போட்டு, சிவக்குமுன் எடுத்துவிடுங்கள்.

ஓடிஜி என்னும் மின்சார அடுப்பில் மேல் சூட்டுக் கம்பியை மட்டும் போட்டு 230 டிகிரியில் சூடாக்கி, கம்பிக்கு ஒரு சாண் கீழே தட்டை வைத்து, வெண்ணெய் தடவி 7 முதல் 9 நிமிடம் வாட்டுங்கள். தடித்த இடத்தில் கத்தி நுனியால் விலக்கிப் பார்க்கும்போது கண்ணாடி போன்ற தன்மை போய்ப் பால் வெள்ளையாக இருந்தால் எடுத்துவிடலாம். வெப்பமானி இருந்தால் 63 டிகிரி. இரண்டு நிமிடம் கூடினாலே ரப்பர்தான். ஓடிஜி இல்லையா? இட்லிப் பானையில் 7, 8 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். வாட்டிய வாசம் வராது, ஆனால் சதை இன்னும் மிருதுவாக இருக்கும்.

தலையைத் தூக்கிப் போடாதீர்கள். மிளகு, சீரகம், சின்ன வெங்காயத்தோடு தட்டிப் போட்டால் நல்ல ரசம்.

கேள்வி: காலையில் வாங்கிய சிங்கி இரவு சமைத்தபோது மாவு மாதிரி கொழகொழவென்று போய்விட்டது. சமையல் தப்பா? (வாசகர், ஏர்வாடி)

பதில்: சமையல் காரணமல்ல. செத்த சிங்கியைத் தலையோடு வைத்திருந்திருப்பீர்கள். தலையில் உள்ள செரிமானச் சுரப்பியின் நொதிகள் செத்த பிறகு வாலுக்குள் பரவிச் சதையைக் கரைக்கத் தொடங்கும். வெயில் நேரத்தில் இது வேகமாக நடக்கும். உயிர் போனதும் தலையைப் பிரித்து, வாலை நொறுக்கிய ஐஸில் வையுங்கள். உயிரோடு உள்ளதைத் தூக்கினால் வாலை வயிற்றுக்குள் சுண்டி மடக்கும். வால் தொங்கினால் வாங்காதீர்கள்.

உறைந்த வாலை முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். பாதி உறைந்ததை அடுப்பில் வைத்தால் ஓரம் விறைத்து, நடு பச்சையாக நிற்கும்.

கேள்வி: வயிற்றில் சினை ஒட்டிய சிங்கி சில நாள் மலிவாக வருகிறது. வாங்கலாமா? (வாசகர், மண்டபம்)

பதில்: வேண்டாம். ஒரு தாயின் அடிவயிற்றில் முட்டைகள் லட்சக்கணக்கில் இருக்கும். அது திரும்பக் கடலில் விட வேண்டிய சிங்கி. குட்டிச் சிங்கியும் அப்படித்தான். 2003-ல் மத்திய அரசு ஏற்றுமதிக்கு வகுத்த குறைந்தபட்ச எடையையே அளவாக வைத்துக்கொள்ளலாம்: முள் சிங்கியில் பேனுலிரஸ் ஹோமாரஸ் வகை (பெயர் ஒத்திருந்தாலும் கொடுக்குள்ள ஹோமாரஸ் இனமல்ல) 200 கிராம், பாலிஃபேகஸ் 300 கிராம், ஆர்னேட்டஸ் 500 கிராம். மேலே சொன்ன 450 கிராம் கணக்கு முதல் இரண்டு வகைக்குத்தான் பொருந்தும்.

கேள்வி: இறால் சாப்பிட்டால் எனக்குத் தடிப்பு வரும். லாப்ஸ்டர்? (வாசகி, தொண்டி)

பதில்: தொடாதீர்கள். இரண்டிலும் ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் டிரோப்போமயோசின் என்னும் ஒரே புரதம்தான், வேகவைத்தாலும் அது அழியாது. கப்பலில் போவதானால் டிக்கெட் பதியும்போதே எழுதிக் கொடுத்து, முதல் நாள் இரவு பரிமாறும் தலைவரிடமும் சொல்லிவிடுங்கள். உங்கள் தட்டுக்குத் தனிப் பாத்திரம், தனி இடுக்கி வைத்துச் சமைக்க முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.